முன்பக்க 'டொக்' சத்தம்: ஒரு ஆட்டத்துக்குப் பின்னால் ஒளிந்திருந்த இன்னொரு ஆட்டம்

பின்னணி

ஒன்பது வருடம் ஓடிய சிறிய ஹேட்ச்பேக் கார். முன்சக்கர இழுவை, முன்பக்கம் மேக்பெர்சன் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒரே தூணாக அமைந்த சஸ்பென்ஷன்), எலெக்ட்ரிக் பவர் ஸ்டியரிங். பழுது பார்க்க என் பட்டறைக்கு வந்தபோது மீட்டரில் 1,12,000 கிலோமீட்டர். உரிமையாளர் வேலைக்காகத் தினமும் ஓட்டுகிறவர். வண்டியின் சத்தங்களைக் காது கொடுத்துக் கேட்கிறவர். இந்த இரண்டாவது குணம் பின்னால் ரொம்ப உதவியது.

அவர் சொன்ன குறைகள் மூன்று. மெதுவாகப் போகும்போது சின்னச் சின்ன மேடுபள்ளங்களில் இடது முன்பக்கம் 'டொக் டொக்' என்று தட்டுகிறது. வேகத்தில் பிரேக் பிடித்தால் வண்டி லேசாக இடதுபக்கம் இழுக்கிறது. இடது முன் டயரின் உள் ஓரம் மட்டும் சீக்கிரம் தேய்கிறது.

முன்பு செய்த வேலைகளின் பில்களையும் எடுத்து வந்திருந்தார். ஏழு மாதத்துக்குள் இரண்டு முறை வீல் அலைன்மென்ட். நடுவில் இரண்டு பக்கமும் லிங்க் ராடு (ஸ்டெபிலைசர் கம்பியைச் சஸ்பென்ஷனோடு இணைக்கும் சின்னத் தண்டு), அப்புறம் இரண்டு முன் ஷாக் அப்சார்பர்கள். ஒவ்வொரு வேலைக்குப் பிறகும் சத்தம் ஒரு வாரம் குறைந்த மாதிரி இருந்துவிட்டுத் திரும்பி வந்திருக்கிறது. அங்கே வேலை பார்த்தவர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. முன்பக்கம் தட்டினால் லிங்க் ராடைச் சந்தேகப்படுவது நியாயம்தான், பல வண்டிகளில் அதுவே காரணமாகவும் இருக்கும். சந்தேகத்தைச் சோதித்துப் பார்க்காமல் பாகத்தை மாற்றியதுதான் தவறு. அதே தவறை வேறு வடிவத்தில் நானும் செய்தேன். அது கீழே வருகிறது.

பில்களோடு இருந்த அலைன்மென்ட் தாள்கள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். சரிசெய்த பிறகு எடுத்த அளவுகள் இரண்டிலும் எல்லைக்குள்தான் இருந்தன. ஆனால் இரண்டாவது தாளில், சரிசெய்வதற்கு முன் எடுத்த அளவில், இடது சக்கரத்தின் டோ, அதாவது மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் அளவு, வெளிப்பக்கம் விலகியிருந்தது. நடுவில் வண்டி எங்கும் இடிக்கவில்லை, பெரிய பள்ளத்தில் விழவில்லை என்று உரிமையாளர் உறுதியாகச் சொன்னார். பூட்டி வைத்த அளவு தானாக நகர்ந்திருக்கிறது என்றால் அந்தப் பக்கம் ஏதோ ஒரு இணைப்பில் ஆட்டம், அதாவது தளர்வு, இருக்கிறது. வண்டியைத் தூக்குவதற்கு முன்பே கிடைத்த முதல் தடயம் இது. யாரும் அந்தத் தாளை இரண்டாவது முறை பார்க்கவில்லை.

ஓட்டிப் பார்த்ததில் தெரிந்தவை

கண்ணாடிகளை இறக்கிவிட்டு, உரிமையாளரைப் பக்கத்தில் உட்காரவைத்து, கரடுமுரடான பாதையில் மெதுவாக ஓட்டினேன். அவர் சொன்ன சத்தம் உடனே கேட்டது. பெரிய வேகத்தடையில் இரண்டு சக்கரமும் ஒன்றாக ஏறி இறங்கும்போது வரவில்லை. ஒரு பக்கம் மட்டும் அடுத்தடுத்துக் குலுங்கும் இடத்தில் வந்தது.

இதற்கு மேல் ஒன்று கவனித்தேன். சமதளத்தில் மெதுவாகப் போகும்போது பிரேக்கை மிதித்தால் ஒரு 'டொக்'. நின்று மறுபடி கிளம்பினால் இன்னொரு 'டொக்'. இங்கே மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. சக்கரம் மேலும் கீழும் அசையாத நேரத்தில் சத்தம் வருகிறது என்றால் அது முன்னும் பின்னும் நகர்கிறது என்று அர்த்தம். அந்த நகர்வைத் தடுத்துப் பிடிக்கவேண்டியது லோயர் ஆர்மின் (சக்கரத்தின் அடிப்பக்கத்தை வண்டியோடு இணைக்கும் கை) பின்பக்க புஷ், அதாவது அந்தக் கை வண்டியில் பொருந்தும் இடத்தில் உள்ள ரப்பர். லிங்க் ராடும் ஷாக் அப்சார்பரும் இந்த வேலையைச் செய்வதில்லை. ஏற்கெனவே மாற்றிய பாகங்கள் இரண்டும் அந்த நிமிடமே என் பட்டியலில் கீழே இறங்கிவிட்டன.

பட்டறைக்குத் திரும்பியதும், உதவியாளரை உள்ளே உட்காரவைத்து, வண்டியை ஒரு அடி முன்னே, ஒரு அடி பின்னே நகர்த்திச் சட்டென்று பிரேக் பிடிக்கச் சொன்னேன். நான் பக்கவாட்டில் தள்ளி நின்று, சக்கரத்துக்கும் ஃபெண்டருக்கும் நடுவில் உள்ள இடைவெளியை மட்டும் பார்த்தேன். வலது சக்கரம் அப்படியே நின்றது. இடது சக்கரம் ஒவ்வொரு முறையும் பின்னால் போய்த் திரும்பி வருவது வெறும் கண்ணுக்கே தெரிந்தது.

பிரேக் இழுவைக்கு பிரேக்கே காரணமாக இருக்கக்கூடும் என்பதால் அதையும் பார்த்தேன். இரண்டு பக்கமும் காலிப்பர் பின்கள் தாராளமாக நகர்ந்தன. ஓட்டி வந்த பிறகு இரண்டு டிஸ்க்குகளின் சூடும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தது. பிரேக்கை ஒதுக்கிவிட்டேன்.

தூக்கிப் பார்த்ததில் தெரிந்தவை

முன்பக்கத்தைத் தூக்கி ஸ்டேண்டில் நிறுத்தி, இரண்டு சக்கரங்களையும் தொங்கவிட்டேன். இரண்டும் ஒரே மட்டத்தில் தொங்குவது முக்கியம். ஒரு சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கினால் ஸ்டெபிலைசர் கம்பி முறுக்கிக்கொண்டு லிங்க் ராடை இறுக்கமாகப் பிடித்துவிடும். தேய்ந்த லிங்க் ராடு கூடப் புதியது போலக் கெட்டியாக நிற்கும். இந்த வண்டியில் லிங்க் ராடுகள் புதியவை, ஆட்டமும் இல்லை.

சக்கரத்தை 12 மணி, 6 மணி இடங்களில் பிடித்து அசைத்தேன். எதுவும் இல்லை. இருந்திருந்தால் உதவியாளரை பிரேக்கை அழுத்தச் சொல்லி மறுபடி அசைத்திருப்பேன். பிரேக் பிடித்ததும் ஆட்டம் மறைந்தால் வீல் பேரிங், மறையாவிட்டால் பால் ஜாயின்ட் (ஆர்மின் நுனியில் உள்ள உருண்டை மூட்டு) பக்கம் தேடவேண்டும்.

மேக்பெர்சன் அமைப்பில் வண்டியின் எடை ஸ்பிரிங், ஸ்ட்ரட் வழியாக நக்கிளுக்கு (சக்கரத்தைத் தாங்கும் இரும்புப் பாகம்) இறங்குகிறது. கீழே உள்ள பால் ஜாயின்ட் எடையைச் சுமப்பதில்லை, சக்கரத்தின் அடிப்பக்கத்தை இடத்தில் பிடித்து வைப்பது மட்டுமே அதன் வேலை. அதனால் சக்கரம் தொங்கும்போதே ஆட்டம் தெரிந்துவிடும். ஸ்பிரிங் கீழ் ஆர்ம் மீது உட்காரும் இரட்டை விஷ்போன் அமைப்பில் கதை வேறு. அங்கே சக்கரத்தைத் தொங்கவிட்டால் ஸ்பிரிங் அழுத்திப் பிடித்துக்கொள்ளும், ஜாக்கியை ஆர்முக்கு அடியில் கொடுத்து பாரத்தை எடுத்தால்தான் ஆட்டம் வெளியே வரும். எந்த வண்டியானாலும் ஒரே இடத்தில் ஜாக்கி வைத்துப் பார்க்கிற பழக்கம் பலரை ஏமாற்றியிருக்கிறது.

ஆர்முக்கும் நக்கிளுக்கும் நடுவில் நெம்புகோல் கொடுத்துப் பார்த்தேன். இடது பால் ஜாயின்டில் ஆட்டம் இல்லை, ஆனால் ரப்பர் உறையில் வெடிப்பு இருந்தது, ஓரத்தில் கிரீஸ் கசிந்து மண் ஒட்டியிருந்தது. பின்பக்க புஷ்ஷில் நெம்பியதும் விஷயம் வெளிச்சமாகிவிட்டது. ரப்பர் பாதிச் சுற்றுக்கு மேல் கிழிந்து, நடுவிலிருந்த இரும்புக் குழல் ஒரு ஓரமாகச் சாய்ந்து நின்றது. புஷ் ரப்பர் என்பதால் நெம்பினால் கொஞ்சம் கொடுக்கத்தான் செய்யும். எவ்வளவு கொடுத்தால் அதிகம் என்பதற்கு எளிய வழி வலதுபக்கத்தையும் அதே பலத்தில் நெம்பி ஒப்பிடுவது. வலதுபக்க ரப்பரில் மேலாக மயிரிழை வெடிப்புகள் இருந்தன, அசைவு சாதாரணமாக இருந்தது.

ஸ்ட்ரட்டின் மேல் மவுண்ட்டையும் விடவில்லை. ஸ்பிரிங் மீது கை வைத்துக்கொண்டு ஸ்டியரிங்கைத் திருப்பச் சொன்னேன். மேல் பேரிங் பிடித்துக்கொண்டிருந்தால் ஸ்பிரிங் முறுக்கிக்கொண்டு 'டங்' என்று விடுபடும். இங்கே சீராகச் சுழன்றது.

நான் தவறவிட்டது

கடைசியாக 3 மணி, 9 மணி இடங்களில் பிடித்து அசைத்தேன். இடதுபக்கம் சின்ன ஆட்டம் இருந்தது. உதவியாளரை அசைக்கச் சொல்லிவிட்டு நான் டை ராடு (ஸ்டியரிங்கிலிருந்து சக்கரத்தைத் திருப்பும் கம்பி) வெளி எண்டில் விரல் வைத்துப் பார்த்தேன். அந்த ஜாயின்டில் ஒன்றும் இல்லை. அதே சமயம் நக்கிளின் அடிப்பக்கம் ஆர்மோடு சேர்ந்து நகர்வது தெரிந்தது. சரி, கிழிந்த புஷ் கொடுக்கிற ஆட்டம்தான் இது என்று முடிவு கட்டினேன்.

பாதி உண்மை. புஷ் அப்படி ஆட்டம் கொடுக்கும் என்பது சரி. அதற்குப் பின்னால் இன்னொரு ஆட்டம் இருக்க முடியாது என்று நான் நினைத்ததுதான் தவறு. ஸ்டியரிங்கைத் திருப்பினால் இடமும் வலமும் நகரும் பல் கம்பியான ரேக்கின் முனையில், துருத்தி போன்ற ரப்பர் உறைக்குள் இருந்து டை ராடை இணைக்கும் உருண்டை மூட்டான ரேக் எண்டை நான் தொட்டே பார்க்கவில்லை. உறை கிழியாமல் சுத்தமாக இருந்தது, அதுவே எனக்குப் போதுமானதாகத் தோன்றிவிட்டது.

எடுத்த முடிவுகள்

இடது லோயர் ஆர்மை முழுசாக மாற்றுவது முதல் முடிவு. பழைய புஷ்ஷை அழுத்தி எடுத்துப் புதியது ஏற்றலாம், அது மலிவு. ஆனால் இந்த ஆர்மில் பால் ஜாயின்ட் ரிவெட் அடித்துப் பொருத்தப்பட்டது. அதன் உறையும் வெடித்துவிட்டது. தண்ணீரும் மண்ணும் உள்ளே போனால் பால் ஜாயின்டுக்கு அதிக நாள் இல்லை. ஒரே வேலையை இரண்டு முறை செய்யவைக்க எனக்கு மனம் வரவில்லை.

வலது ஆர்மை என்ன செய்வது என்பதில் உரிமையாளரோடு பேசினேன். மயிரிழை வெடிப்புகளைக் காட்டினேன், ஆட்டம் இல்லை என்பதையும் காட்டினேன். ஏற்கெனவே தேவையில்லாத பாகங்களுக்குச் செலவு செய்தவர். கெடாத ஒன்றை மாற்ற அவருக்கு விருப்பமில்லை, எனக்கும் அப்போது அது சரியாகவே பட்டது. விட்டுவிட்டோம்.

டயரில் உள் ஓரம் தேய்மானக் குறியைத் தொடும் நிலையில் இருந்தது. உள்ளங்கையை ஒரு திசையில் தேய்த்தால் வழவழப்பு, எதிர்த்திசையில் தேய்த்தால் ரம்பப் பல். சக்கரம் பக்கவாட்டில் உரசிக்கொண்டே உருண்டிருக்கிறது. வேலை முழுதும் முடிந்து வண்டி நேராக ஓடுகிறது என்று உறுதியான பிறகே புது டயர் போடுவது என்று முடிவு செய்தோம். இதில் மட்டும் நான் வருத்தப்பட எதுவும் இல்லை.

ஆர்மைப் பொருத்தும்போது புஷ் போல்ட்டுகளைக் கையால் மட்டும் பிடிக்கவைத்துவிட்டு, வண்டியை அதன் சொந்த எடையில் சக்கரத்தின் மீது நிற்கவைத்த பிறகே கையேட்டில் சொன்ன டார்க்குக்கு (இறுக்கும் முறுக்கு விசை அளவு) இறுக்கினேன். சக்கரம் தொங்கும்போதே இறுக்கினால், வண்டி கீழே இறங்கியதும் புஷ் ரப்பர் நிரந்தரமாக முறுக்கிய நிலையில் நின்றுவிடும். புதிய புஷ் கூட அப்படிச் சீக்கிரம் கிழியும். ஒரு முறை கழற்றிய பூட்டு நட்டுகளை மறுபடி பயன்படுத்தவில்லை.

அப்புறம் நேராக அலைன்மென்ட்டுக்கு அனுப்பிவைத்தேன்.

முதல் விளைவு

பிரேக் இழுவை போய்விட்டது. பிரேக் பிடிக்கும்போதும் கிளம்பும்போதும் வந்த 'டொக்' போய்விட்டது. நான் ஓட்டிப் பார்த்த தூரத்தில் குலுங்கும் சத்தமும் கேட்கவில்லை.

மூன்று நாள் கழித்து உரிமையாளர் பேசினார். "சத்தம் பாதியாயிடுச்சுண்ணே. ஆனா மிச்சம் பாதி இப்பதான் எனக்குத் தெளிவா கேக்குது." எப்போது கேட்கிறது என்று கேட்டேன். நேராகப் போகும்போது அனேகமாக இல்லை. வண்டியை நிறுத்துகிற இடத்தில், ஸ்டியரிங்கைத் திருப்பிக்கொண்டே சின்ன மேட்டில் ஏறினால் வருகிறது. கையிலும் லேசாகத் தட்டுகிறது என்றார். கையில் தட்டுகிறது என்ற சொல்லே எனக்குப் போதும். ஆர்ம் புஷ்ஷின் தட்டல் பெரும்பாலும் பாதத்துக்கும் தரைக்கும்தான் வரும். ஸ்டியரிங் வளையம் வரை வருவது ஸ்டியரிங் இணைப்பின் தட்டல்.

இரண்டாவது சோதனை

இந்த முறை வண்டியைத் தூக்கவில்லை. பிட்டின் (பட்டறைத் தரையில் உள்ள வேலைக் குழி) மேல் நிறுத்தி, கைபிரேக் போட்டு, பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, நான் கீழே இறங்கினேன். சக்கரங்கள் நான்கும் வண்டியின் எடையோடு தரையில். உதவியாளர் இன்ஜினை ஓடவிட்டு, ஸ்டியரிங்கை மணிக்கூண்டு ஊசல் மாதிரி இடமும் வலமும் சின்னச் சின்னதாக விட்டுவிட்டுத் திருப்பினார். டயர் தரையைப் பிடித்துக்கொண்டு எதிர்ப்பதால், ஸ்டியரிங் பெட்டியிலிருந்து சக்கரம் வரை உள்ள ஒவ்வொரு இணைப்பிலும் விசை மாறி மாறி ஏறும். நான் ஒவ்வொன்றிலும் ஐந்தாறு விநாடி விரல் வைத்தேன்.

வெளி டை ராடு எண்டு, ஒன்றுமில்லை. ரேக்கின் வலது முனை, ஒன்றுமில்லை. இடது முனையின் துருத்தி உறையை விரலால் அமுக்கி உள்ளே உருண்டையைப் பிடித்ததும், ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஒரு தட்டல் விரல் நுனியில் விழுந்தது. உறையை விலக்கிப் பார்த்தபோது டை ராடு நகரத் தொடங்குவதற்கு ஒரு கணம் முன்பே ரேக் நகர்ந்தது. உள் கிரீஸ் காய்ந்து கறுத்துப்போயிருந்தது. வெளி உறை கடைசிவரை முழுசாகத்தான் இருந்தது.

டோ அலைந்ததற்கும் டயர் தேய்ந்ததற்கும் பெரிய காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். டோவை நிர்ணயிப்பதே டை ராடின் நீளம். அதன் ஒரு முனையில் ஆட்டம் இருந்தால், அலைன்மென்ட் எந்திரத்தின் மேல் நிற்கும்போது ஒரு அளவும் ஓடும்போது வேறு அளவுமாக இருக்கும். கிழிந்த புஷ் அந்த நகர்வைப் பெரிதாக்கியிருக்கும். எது எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்ல என்னிடம் அளவு இல்லை, ஏனென்றால் இரண்டையும் தனித்தனியாக வைத்து நான் டோவை அளக்கவில்லை.

இடது ரேக் எண்டை மட்டும் மாற்றினோம். அதற்கு வெளி எண்டைக் கழற்றியாக வேண்டும். லாக் நட்டின் இடத்தைக் குறித்து, எத்தனை சுற்றில் கழன்றது என்று எண்ணி வைத்துக்கொண்டு, அதே எண்ணிக்கையில் திருப்பிப் பூட்டினேன். டோ துல்லியமாகத் திரும்பி வந்துவிடாது என்றாலும், அலைன்மென்ட் போடும் இடம் வரை வண்டி நேராக ஓடிப் போகும். வெளி எண்டில் ஆட்டம் இல்லை, உறையும் நன்றாக இருந்தது; அதை மாற்றவில்லை. அதை நக்கிளிலிருந்து எடுக்கும்போது கவட்டை ஆப்பு போட்டால் உறை கிழியும் என்பதால் புல்லர் வைத்து எடுத்தேன்.

மறுபடி அலைன்மென்ட். நான் அனுப்பிய முதல் அலைன்மென்ட் வீணானது என் கவனக்குறைவால்; அந்தச் செலவை உரிமையாளரிடம் வாங்கவில்லை.

பிறகு நடந்தது

சத்தம் முழுதாக நின்றது. புது முன் டயர்கள் போட்டு 5,000 கிலோமீட்டர் ஓடியபின் வரச் சொல்லியிருந்தேன். உள் ஓரம், நடு, வெளி ஓரம் மூன்றிலும் ட்ரெட் ஆழம் அளந்தபோது சொல்லும்படியான வித்தியாசம் இல்லை.

வேலை முடிந்து ஏறக்குறைய 11,000 கிலோமீட்டரில் வலதுபக்கம் அதே 'டொக்' வந்தது. பிரேக்கில் ஒன்று, கிளம்பும்போது ஒன்று. மயிரிழை வெடிப்பாக விட்டுவைத்த வலது புஷ்தான்.

அடுத்த முறை மாற்றிக்கொள்வது

ஒரு பழுதைச் சரிசெய்ததும் சோதனையை முதலிலிருந்து முழுதாகத் திரும்பச் செய்யவேண்டும், அதுவும் அலைன்மென்ட்டுக்கு அனுப்புவதற்கு முன். பெரிய ஆட்டம் இருக்கும்வரை சின்ன ஆட்டம் அதன் நிழலில் நிற்கும். பெரியதை எடுத்த பிறகு பத்து நிமிடம் செலவழித்திருந்தால் ரேக் எண்டு அன்றைக்கே சிக்கியிருக்கும்.

பட்டறைச் சோதனைத் தாளில் ஒரு கட்டம் சேர்த்திருக்கிறேன். எந்த இணைப்பில் ஆட்டம் இருக்கிறது அல்லது இல்லை என்று எழுதினாலும், அப்போது சக்கரம் தொங்கிக்கொண்டிருந்ததா, தரையில் நின்றதா என்பதையும் எழுதவேண்டும். ஸ்டியரிங் இணைப்புகள் தரையில் பார்க்காதவரை 'பார்க்கவில்லை' என்றே கணக்கு. உறை நன்றாக இருக்கிறது என்பது உறையைப் பற்றிய செய்தி மட்டும்.

வலது ஆர்ம் விஷயத்தில் எனக்கு இன்னும் இரண்டு மனம். எல்லாவற்றையும் ஜோடியாக மாற்றுகிற கட்சி நான் இல்லை. ரேக் எண்டு ஒரு பக்கம் மட்டும் மாற்றியதில் இன்றுவரை குறையில்லை. ஆனால் ஒரே வயதில், ஒரே பாரம் சுமந்த ரப்பர் ஒரு பக்கம் கிழிந்து மறுபக்கம் வெடிக்கத் தொடங்கியிருந்தால், இரண்டையும் ஒன்றாக மாற்றினால் ஒரு அலைன்மென்ட்டும் ஒரு நாள் வேலையும் மிச்சம் என்பதை உரிமையாளரிடம் இன்னும் அழுத்தமாகச் சொல்லியிருக்கவேண்டும்.

வலது ஆர்மை மாற்றிய அன்று, போல்ட்டுகளை இறுக்கி முடித்ததும் உதவியாளர் அலைன்மென்ட்டுக்கு வண்டியை எடுக்கப் போனார். நிறுத்தி, பிட்டின் மேல் விடச் சொன்னேன். இரண்டு பக்கமும் ஒவ்வொரு இணைப்பாக விரல் வைத்துப் பார்த்தோம். எதிலும் தட்டல் இல்லை. தாளில் 'தரையில்' என்று எழுதிய பிறகுதான் வண்டி வெளியே போனது.